நின்று அடிக்கிற கை

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

போனை முதலில் வைத்தது நீதான். நான் வைத்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அதனால் இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடிதம் எழுதச் சொன்னது உன் அத்தான். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறாராம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அவளும் முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். நாள் முழுக்க லிஃப்டுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கிற மனிதருக்கு இந்த யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

நீ சொல்லவிடாத விஷயம் இதுதான். நான் மறுபடி ஆட ஆரம்பித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் டயர் கடைக்கு மேலே ஒரு பில்லியர்ட்ஸ் கூடம் இருக்கிறது. மூன்று மேஜை, ஒரு மின்விசிறி, இருமிக்கொண்டே இருக்கும் ஒரு கூடத்துக்காரர். இத்தனை வருஷமாக அந்தப் படிக்கட்டைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடப்பேன். போன மாதம் மழைக்கு ஒதுங்கினேன். மேலே பந்தோடு பந்து மோதுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஏறிவிட்டேன்.

முதல் அடியிலேயே வெள்ளைப் பந்து மேஜையை விட்டுத் துள்ளிப் போய்க் குளிர்பானப் பெட்டியில் மோதியது. கூடமே திரும்பிப் பார்த்தது. கூடத்துக்காரர் இருமலுக்கு நடுவில், "மேஜை கொஞ்சம் சாஞ்சிருக்கும்மா" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அதைச் சொல்கிற சிரமத்தைக்கூட அவர் வைக்கவில்லை.

என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. நாள் முழுக்க ஊசி பிடித்து ரத்தம் எடுக்கிற கை இது. கோலையும் அப்படியே இறுக்கிப் பிடிக்கிறது. முழங்கை வெளியே போகிறது. அடிப்பதற்கு முன்பே தலை எழுந்து பந்து எங்கே போகிறது என்று பார்க்கிறது. பார்த்து என்ன ஆகப்போகிறது, அது எங்கேயும் போகவில்லை.

நம் ஊர் கிளப்பை நடத்துகிற மாமாவிடம் போனில் பேசினேன். நகரங்களுக்கு இடையில் நடக்கிற பெண்கள் போட்டிக்கு இந்த வருஷம் நம் கிளப்புக்கு ஒரே ஒரு இடம் கொடுத்திருக்கிறார்களாமே. அதை நீ என்னிடம் சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு தேர்வு ஆட்டம் வைத்தால் நானும் வருகிறேன் என்றேன். "வாம்மா, ரெண்டு பேருல யாரு ஜெயிச்சாலும் கிளப்புக்குத்தான் பேரு" என்றார்.

என் கோலை அனுப்பி வை. இங்கே இருக்கிற கோல்களெல்லாம் வளைந்து கிடக்கின்றன.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் வைத்தேன். வைக்காமல் என்ன செய்வது? "நீ இத்தனை வருஷம் ஆடி என்னத்தக் கண்ட" என்று கேட்டாய். அதைக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

என்னத்தைக் கண்டேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். காலையிலிருந்து மாலை வரை அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிறேன். மாலையில் கிளப்புக்குப் போய் மேஜைத் துணியைத் துடைத்து, மாமாவுக்கு மூட்டு வலி என்றால் கூட்டியும் பெருக்கியும் விட்டு, கடைசியில் ஒரு மேஜை காலியானால் ஆடுகிறேன். இன்னும் அங்கே எனக்குப் பெயர் வால். நீ முன்னால் போக நான் பின்னாலேயே வந்ததால் வைத்த பெயர். தலை கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊரை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, வால் மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது.

நான் நல்லதாக ஒன்று அடித்தால், கிழங்கள், "அக்கா சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்பார்கள். மோசமாக அடித்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள், "ப்ச்" என்பார்கள். அந்த "ப்ச்"சுக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அக்காவாக இருந்தால் போட்டிருப்பாள் என்று அர்த்தம். நீ இல்லாமலேயே உன்னோடு தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது முதல் முறையாக ஒரு இடம் வந்திருக்கிறது. பதினோரு வருஷம் கோலைத் தொடாமல் இருந்துவிட்டு, மழைக்கு ஒதுங்கினாயாம், சத்தம் கேட்டதாம், ஏறிவிட்டாயாம். வெட்கமாக இல்லையா அக்கா? உனக்கு வீடு இருக்கிறது, அத்தான் மாதிரி ஒரு மனிதர் இருக்கிறார், படிக்கிற பிள்ளை இருக்கிறது. எனக்கு மேஜை மட்டும்தான் கிடைத்தது. அதுவும் வேண்டுமா உனக்கு?

மாமாவைச் சொல்ல வேண்டும். உன் போன் வந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூட்டு வலி போன இடம் தெரியவில்லை. பழைய டேப்பையெல்லாம் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். இறக்கியது யார்? நான்தான்.

கோலை அனுப்ப முடியாது. "நீயே வச்சுக்கோ" என்று ரயில் நிலையத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாய். திருப்பிக் கேட்க அது இரவல் குடை இல்லை.

தங்கச்சி


மார்ச் 2

தங்கச்சிக்கு,

கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். அதனால் எழுத மாட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது என்று அடுக்கினாய். யார் இல்லை என்றார்கள்? உன் மேஜையை நினைத்து இந்த வீட்டில் நான் எத்தனை தடவை வயிறு எரிந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ ஒவ்வொரு முறை போனில், "இன்னிக்கு ஆடிட்டு வந்தேன்க்கா" என்று சொல்லும்போதும் நான் பேச்சை மாற்றுவேன், கவனித்திருக்கிறாயா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்பேன். பாதி நாள் அவளுக்குக் காய்ச்சலே இருக்காது.

சரி, அதை விடு. நல்ல சேதி ஒன்று.

மாமா பழைய டேப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் போனுக்கு அனுப்பியிருக்கிறார். கல்யாணமாகி, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நான் ஆடிய கடைசி ஆட்டம். ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து ஊர் கிளப்பிலிருந்து வந்தார்களே, அன்று. பாதி ஆட்டத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து மாமாவின் அறை பெஞ்சில் போய்ப் படுத்துவிட்டேன். பிள்ளை உண்டான விஷயம் அப்போது எனக்கே தெரியாது. என்னுடைய ஆட்டக் கோட்டை மாட்டிக்கொண்டு, பின்னால் நீ ஏதோ இரண்டு பந்தைப் போட்டு முடித்துவைத்தாய்.

கேமராவை மேஜைக்கு மேலே தொங்குகிற விளக்குக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார் மாமா. முகம் தெரியவில்லை. மேஜை, கோல், கோட்டு, கை, அவ்வளவுதான். என் கையை அடையாளம் காண எனக்கு முகம் எதற்கு?

அந்தக் கையைப் பற்றி உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கோலைப் பிடித்திருப்பதே தெரியவில்லை. முழங்கை ஒரே இடத்தில் தொங்குகிறது, கீழே இருக்கிற பாதி மட்டும்தான் ஆடுகிறது. பின்னால் இழுக்கிறது. இழுத்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. அவசரமே இல்லை. அப்புறம்தான் முன்னால் வருகிறது. வெள்ளைப் பந்து போய் இடித்துவிட்டு, சொல்லி வைத்த இடத்தில் நிற்கிறது. நான் இப்படியா ஆடினேன்? எனக்கே என்மேல் பொறாமையாக இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, என்ன திமிர், என்ன கை!

தினமும் அதைப் பார்த்துத்தான் பழகுகிறேன். சமையலறை மேஜையில் காலி சோடா பாட்டிலைப் படுக்க வைத்து, துடைப்பக் கம்பை அதன் வாய்க்குள் விட்டு விட்டு எடுக்கிறேன். பாட்டில் விளிம்பில் படக் கூடாது. பட்டால் "டிங்" என்று சத்தம் வரும். உன் அத்தான் ஹாலிலிருந்தே எண்ணுகிறார். நேற்று, "இன்னிக்கு மணி அடிக்கிறது கம்மி" என்றார்.

நீ அந்தப் படத்தைப் பார்த்தாயா? பார். ஒரு அக்காவாகச் சொல்கிறேன், கோபப்படாதே. அந்த நிறுத்தம் உன்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை. நீ எப்போதும் அவசரக்காரி.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

படத்தைப் பார்த்தேன். மாமாவின் அறையில், அவர் போனில், நான்கு முறை.

நல்ல கைதான். நீ எழுதியது எல்லாம் சரி. அப்படியே பழகு.

எனக்கு வேலை அதிகம். பள்ளிக்கூடப் பாடப் புத்தக வேலை வந்திருக்கிறது, தினமும் ஓவர்டைம். மிஷின் கத்தி மழுங்கிப்போய், பேப்பரின் ஓரம் பிசிறடிக்கிறது என்று முதலாளி என்னைத் திட்டுகிறார். கத்தியைத் திட்ட முடியாது அல்லவா.

இன்னொன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதி, கிழித்துவிட்டேன். ஒன்றும் இல்லை. அந்த நிறுத்தத்தை விட்டுவிடாதே, அதைப் பிடித்துக்கொள். உனக்கு அது வந்துவிட்டால் அப்புறம் பேசலாம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கச்சி


மார்ச் 24

தங்கச்சிக்கு,

வந்துவிட்டது!

முதல் இரண்டு வாரம் எனக்கும் அந்தக் கைக்கும் ஒத்துப்போகவே இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இழுத்து நிறுத்தினால் நடுங்கியது. நிறுத்தாமல் விட்டால் பந்து தவறியது. இத்தனை நாளில் உடம்பு மாறிவிட்டது, இது இனிமேல் திரும்பாது என்று ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். டயர் கடைக்காரர் பார்த்துவிட்டு, வண்டி பஞ்சரா என்று கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை திடீரென்று பிடிபட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வயதான மனிதருக்கு நரம்பே கிடைக்கவில்லை. குத்துவதற்கு முன்னால் நான் எப்போதும் ஒரு மூச்சு நிற்பேன். அன்று நிற்கும்போதுதான் உறைத்தது, இதைத்தானே அந்தக் கை செய்கிறது! சாயங்காலம் நேரே கூடத்துக்குப் போனேன். தொடர்ந்து ஐந்து பந்து. கூடத்துக்காரருக்கு இருமல் நின்றுவிட்டது.

இப்போது ஆண்களே மேஜைக்கு வந்து, "ஒரு ஆட்டம் போடலாமா மேடம்" என்று கேட்கிறார்கள். தோற்றுவிட்டுப் போகிறார்கள். முந்தாநாள் ஒருவர் நான் கோல் பிடிப்பதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். உன் அத்தானிடம் சொன்னேன். "ஆளையா, கையையா?" என்று கேட்டார். அவருக்கும் கொஞ்சம் எரிந்தால் நல்லதுதான் என்று துடைப்பக் கம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

உன் போன கடிதம் ஒரு மாதிரியாக இருந்தது. வாழ்த்துகிற மாதிரியும் இருந்தது, பல்லைக் கடிக்கிற மாதிரியும் இருந்தது. எனக்குப் புரிகிறது. உன் இடத்தில் நான் இருந்தாலும் பல்லைக் கடித்திருப்பேன். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தேர்வு ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீயும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்துப் பழகு. எனக்குப் போட்டியாக வருகிறாய் என்பதற்காக உன்னிடம் மறைக்க மாட்டேன். என் கையைப் பார்த்து நீ கற்றுக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

என் கையைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

அது நான். அந்தப் படத்தில் இருப்பது நான். உன் கோட்டு, உன் கோல், என் கை.

நம்ப மாட்டாய் என்று தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார். வலது தோளுக்குப் பின்னால் ஏதோ மினுக்கும். விளக்கு வெளிச்சம் என்று நினைத்திருப்பாய். அது ஊக்கு. உன் கோட்டு எனக்குத் தொளதொளவென்று இருந்ததால் மாமாதான் மடித்துக் குத்திவிட்டார். நீ ஆடும்போது கேமராவே ஓடவில்லை, அதில் சார்ஜ் இல்லை. மாமா சார்ஜ் போட்டு எடுத்து வந்து கட்டியபோது நீ பெஞ்சில் படுத்திருந்தாய். நான் போட்டது ஏதோ இரண்டு பந்து இல்லை. ஒரு முழு ஆட்டம். பலகையில் உன் பெயரை யாரும் அழிக்கவில்லை, அதனால் அதுவும் உன் ஆட்டம் ஆகிவிட்டது. மாமாவே மறந்துவிட்டார் பார்.

உனக்கு எங்கே அக்கா நிறுத்தம் இருந்தது? மாமா உன்னைத் திட்டுவாரே, "மூச்சு விட்டுட்டு அடிம்மா, பந்து எங்கயும் ஓடிப் போகாது" என்று. உன் கை இழுத்தால் விட்டுவிடும். பார்க்கிறவன் கண் இமைப்பதற்குள் பந்து குழிக்குள் இருக்கும். பாதி நாள் வெள்ளைப் பந்தும் பின்னாலேயே போய் விழும், அதையும் ரசிப்பார்கள். உன்னைப் போல் அடிக்க எனக்கு வராது என்று தெரிந்துதான் நான் நின்று அடிக்கப் பழகினேன். அதற்கு என்னை என்ன சொன்னார்கள் தெரியுமா? மந்தம் என்றார்கள்.

படத்தைப் பார்த்த அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்றால், உன் கைக்கு அது ஒத்துவராது, அதைப் பிடித்துக்கொண்டு நீ கெட்டுப்போவாய், எனக்கு அந்த இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், என்ன இப்போது? ஆனால் நீ கெட்டுப்போகவில்லை. அதையும் பிடித்துக்கொண்டாய். என் கையை வைத்துக்கொண்டு அங்கே ஜெயித்துக்கொண்டிருக்கிறாய், நானே உனக்கு உற்சாகம் கொடுத்து எழுதினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பது இதுதான்.

நீ அந்தக் கையைப் புகழ்ந்து எழுதிய கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நீயும் என்னைச் சொல்லவில்லை, உன்னைத்தான் சொல்லிக்கொண்டாய். அதுதான் தாங்க முடியவில்லை.

கோலை ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். கோல் உன்னுடையது, எடுத்துக்கொள். கை என்னுடையது.

தங்கச்சி


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

கோல் வந்தது. கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஊக்கைப் பார்த்தேன். முதலில் நான் பார்க்கவில்லை, உன் அத்தானிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார், வைத்தார், தண்ணீர் குடித்தார். அப்புறம், "ஊக்குதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு மொதல்லயே தோணுச்சு. நீ சமைக்கிறதே அவ்ளோ வேகமா சமைப்ப, இது யாரோ நிதானமான ஆளு மாதிரி இருக்கேன்னு" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனாம்.

கூடத்துக்கு ஒரு வாரம் போகவில்லை. போன அன்று ஒன்றும் ஓடவில்லை. இழுத்து நிறுத்தியதும் உன் முகம் வருகிறது. நிற்கிற அந்த ஒரு கணத்தில் நீ வந்து நின்றுகொண்டு, "என்னோடது" என்கிறாய். நிறுத்தாமல் அடிக்கலாம் என்று பார்த்தால், என் பழைய கை எப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பார்க்க ஒரு படம்கூட இல்லை. நான் ஆடினேன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் நீயாகப் போய்விட்டாய்.

உன்மேல் கோபம் வர வேண்டும், வருகிறது. மறைத்தாய், கெட்டுப்போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன். ஒரு மாதமாக அந்தக் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் கை என்று நினைத்ததால் அது வலிக்கவில்லை. இப்போது அதே கை, அதே படம், பார்த்தால் நெஞ்சு காந்துகிறது. இவ்வளவு நல்ல கை உனக்கு எப்போது வந்தது? நான் பெஞ்சில் குமட்டிக்கொண்டு கிடந்தபோதா? அதே ஊரில், அதே கிளப்பில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

நான் புகழ்ந்து எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதியாகிவிட்டது, உன்னிடம் இருக்கிறது. நிறுத்தம் உன்னிடம் இல்லை, அவசரக்காரி என்று எழுதியதை மட்டும் அடித்துவிடு.

தேர்வு ஆட்டத்துக்கு நான் வர மாட்டேன் என்று நீ நினைத்தால் அது நடக்காது. லீவு சொல்லிவிட்டேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் கையோ என் கையோ, ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறேன். எனக்குள் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்கா


மே 5

அக்காவுக்கு,

நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிவிட்டாய். அம்மா சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். நான் ஜெயித்தேன் என்றேன். "அப்ப ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

நான்தான் ஜெயித்தேன். மாமா பலகையில் எழுதியிருக்கிறார், போட்டிக்குப் போக என் பெயரைக் கொடுத்துவிட்டார். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் சரிசமமாக வந்தோம். நீ முழுக்க என் கையை வைத்துத்தான் ஆடினாய். எதிரே நின்று பார்க்க எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா? கண்ணாடிக்கு முன்னால் நின்று கண்ணாடியிடமே தோற்பது போல இருந்தது. ஆனால் நீ நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் உன் தாடை இறுகியது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கடைசி ஆட்டம். கடைசியாகக் கருப்புப் பந்து மட்டும் உனக்குப் பாக்கி, அதைப் போட்டால் ஆட்டம் உனக்கு. அது அந்தக் கோடியில் விளிம்பை ஒட்டிக் கிடந்தது, வழியில் என் பந்து பாதியை மறைத்தது. யாரும் அதை அடிக்க மாட்டார்கள். பத்திரமாக வெள்ளைப் பந்தை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு என்னை ஆட விடுவார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மாமாகூட, "ஒளிச்சு வைம்மா" என்று வாய்க்குள் சொன்னார். நான் சிரித்தேன். தெரியாமல் சிரித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், தெரிந்தேதான் சிரித்தேன்.

நீ என்னைப் பார்த்தாய். குனிந்தாய். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் நீ கோலை இழுத்ததையே நான் பார்க்கவில்லை. கருப்புப் பந்து விளிம்போடு ஓடிக் குழிக்குள் விழுந்த சத்தம்தான் கேட்டது. வெள்ளைப் பந்து மூன்று விளிம்பில் மோதி, மேஜை முழுக்கச் சுற்றி வந்து, கடைசியில் நடுக்குழிக்குள் தானும் போய் விழுந்தது. கருப்போடு வெள்ளையும் விழுந்தால் அடித்தவள் தோற்றாள். சட்டம் அதுதான். நான் ஜெயித்தேன்.

அந்த நேரத்தில் உன் முகத்தில் என்ன சிரிப்பு அது? தோற்றவள் அப்படியா சிரிப்பாள்?

ஒருத்தர்கூட எனக்குக் கை கொடுக்கவில்லை. எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, "பாத்தியா, பாத்தியா" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்தவள் நான், பேச்சு முழுக்க உன்னைப் பற்றி. இன்னும் அதே பேச்சுதான். தினமும் யாராவது ஒருவர் பந்துகளை அதே இடத்தில் வைத்து அடித்துப் பார்க்கிறார்கள். யாருக்கும் வரவில்லை.

நானும் அடித்துப் பார்த்தேன். எல்லோரும் போன பிறகு, நின்று அடித்துப் பார்த்தேன், நிற்காமலும் அடித்துப் பார்த்தேன். கோலை இறுக்கி, தளர்த்தி, எல்லாம் செய்துவிட்டேன். பந்து விளிம்பில் இடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. அடுத்த மாதம் நான் போட்டிக்குப் போகிறேன், இத்தனை வருஷம் இதற்குத்தான் கிடந்தேன். அது பெரிதாகத் தெரியாமல், நீ தோற்ற அந்த ஒரு அடி எனக்கு வரவில்லை என்று அழுகிறேன். உன்மேல் எனக்கு இவ்வளவு பொறாமை சின்ன வயதில்கூட இருந்ததில்லை.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்கிறேன். அதை எப்படி அடித்தாய்? முழங்கையைத் தூக்கினாயா? வெள்ளைப் பந்தின் எந்தப் பக்கத்தில் அடித்தாய்? வரிசையாக, ஒன்று விடாமல் எழுது.

தங்கச்சி


மே 13

தங்கச்சிக்கு,

அம்மாவிடம் சொல்லாமல் வந்தது தப்புதான். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நின்றிருந்தால் உன்னிடம் ஏதாவது பேச வேண்டியிருக்கும், என்ன பேசுவது என்று தெரியவில்லை. ரயிலில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெண்மணி என் சிரிப்பைப் பார்த்துவிட்டு, ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். இல்லை, தோற்றுவிட்டு வருகிறேன் என்றேன். இறங்குகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை.

போட்டிக்குப் போ. நன்றாக நின்று, நிதானமாக ஆடு. நீ தோற்றால் எனக்குள்ளே ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும், அதை நீ தெரிந்துகொண்டே போவது நல்லது. நீ ஜெயித்தால் மற்ற மூலையெல்லாம் சந்தோஷப்படும்.

உன் கடைசி வரிகளை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அப்புறம் பிள்ளைக்கும் படித்துக் காட்டினேன். கூடத்துக்காரருக்குக்கூடச் சொன்னேன். பதினோரு வருஷமாக நான் உன்னைப் பார்த்து எரிந்தேன். நீ என்னைப் பார்த்து எரிகிறாய் என்று உன் கையெழுத்தில் படித்ததும், உன் இடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

எப்படி அடித்தேன் என்று கேட்டிருக்கிறாய். எனக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்கா